உடைந்த எஞ்சினும் ஒரு தேக்கரண்டி இடமும்

கிளிநொச்சியிலிருந்து மாணவர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் விடுத்திருக்கிறார். உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயில்பவராம். அவர் வீட்டு மாமரத்தின் கீழ்ப் பாட்டனார் காலத்து மொறிஸ் மைனர் கார் ஒன்று நெடுங்காலமாக உறங்குகிறது. எஞ்சினில் ஒரு பிஸ்ரன் உடைந்து போயிற்று. 2008ஆம் ஆண்டில் குடும்பத்தார் இடம்பெயர்ந்தபோது ஓடக்கூடிய வண்டிகள் யாவும் அவர்களோடு சென்றன. ஓடமாட்டாத இது மட்டும் பின்தங்கிற்று. சென்றவற்றுள் ஒன்றேனும் திரும்பவில்லை. மீண்டு வந்து பார்த்தபோது மைனரின் சக்கரங்களும் பற்றறியும் காணாமற் போயிருந்தன. எஞ்சின், பாரங் காரணமாகவோ என்னவோ, இருந்த இடத்திலேயே இருந்தது.

பழைய இரும்பு வாங்குவோர் மும்முறை வந்து விலை பேசிச் சென்றுவிட்டனர். விற்றுவிடலாம் என்கிறார் தந்தையார். தாயார் வாய் திறக்கவில்லை. மாணவர் நம்மை வினவுவன இரண்டு: இந்த எஞ்சினை உயிர்ப்பிக்க முடியுமா? முடியுமெனின், தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்ததைக் காட்டிலும் அதிக வலுவுள்ளதாக ஆக்க முடியுமா? இரண்டாவது வினாவின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். வீட்டில் இதற்கென ஒதுக்கக்கூடிய பணம் ஒரு தடவைக்கே போதுமாம். தவறினால் மறு தடவைக்கு வழியில்லையாம். அந்த ஒரு வரிக்காகவே இவ்வாரப் பகுதி முழுவதையும் இதற்கு ஒதுக்கினோம்.

குடும்பப் பகுதியில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று நம் தாய்மார் சிலர் கேட்கக்கூடும். வன்னியிலே கேட்கமாட்டார்கள். 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் வட பகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரும் வரை, பன்னிரண்டு ஆண்டுக் காலம், யாழ்ப்பாணத்திலும் பின்னர் வன்னியிலும் மோட்டார் வண்டிகள் பலவும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றதும் மணமக்களைக் கோயிலுக்கு ஏற்றிச் சென்றதும் அவ்வண்டிகளே. சிறு போத்தலொன்றில் மருந்துபோற் பேணி வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினைத் தொடக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். பின்னாலே வெண்புகை எழும். அந்த மணம் வீதியெங்கும் பரவும். அக்காலத்தைக் கண்டவர்களுக்கு அம்மணம் இன்னும் மறந்திராது.

இது வெறும் துணிச்சலால் நிகழ்ந்த காரியமன்று. தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடவிடும் பழக்கம் நம் கமக்காரருக்கு முன்னமே உண்டு. பிரித்தானியாவிலும் பழைய பேர்கசன் உழவு இயந்திரங்களுள் ஒரு வகை இம்முறையிலேயே ஓடுமாறு செய்யப்பட்டிருந்தது. மொறிஸ், ஒஸ்ரின் போன்ற பழைய கார்கள் இதற்கு இசைந்து கொடுத்ததற்கும் தக்க காரணங்கள் உள. மைனரின் எஞ்சினில் காற்று உட்புகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டபடி அமைந்திருக்கின்றன. காபரேற்றரின் அடியிலே புகைக்குழாயின் வெப்பம் எந்நேரமும் ஏறிக்கொண்டிருக்கும். எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய்க்கு அந்த வெப்பமே அடுப்பாயிற்று. அன்றியும், இவ்வெஞ்சின்களின் அமுக்க விகிதம் தாழ்ந்தது. தாழ்ந்த அமுக்கத்தில், தரங்குறைந்த எரிபொருளும் ஒருவாறு அடங்கி எரியும்.

ஒருவாறு என்றுதான் சொல்லலாம். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போலப் பொறி பட்ட இடத்திலிருந்து ஒழுங்காக எரிந்து பரவுவதில்லை. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது, எரியாமல் எஞ்சிய பகுதி அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடிக்கும். எஞ்சின் 'தட்டுகிறது' என்று நம் மெக்கானிக்குகள் கூறுவது இதனையே. அந்த அடியைப் பிஸ்ரனின் தலையும், றிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய வரம்புகளும் தாங்கவேண்டும். நாட்பட்டால் வரம்பு உடையும். மற்றொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி அடியிலுள்ள ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் மெலியும், கிறாங்க் தண்டின் பேரிங்குகள் தேயும். ஆதலால் மாணவர் காணும் உடைந்த பிஸ்ரன் நோயன்று, நோயின் ஓர் அறிகுறியே. புதிய பிஸ்ரன் ஒன்றைப் போட்டுப் பூட்டிவிடலாம் என்று எவரேனும் சொன்னால், அவர் கடையை விட்டு மெல்ல நகர்ந்துவிடுக.

இனி இந்த எஞ்சினின் மறுபக்கத்தைப் பார்ப்போம். அலெக் இசிகோனிஸ் என்பார் அமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1952 முதல் அதற்கு 'ஏ' வரிசை எஞ்சின் பொருத்தப்பட்டது. முதலில் 803 கன சென்ரிமீற்றர், 30 குதிரை வலு; 1956இல் 948 கன சென்ரிமீற்றர், 37 குதிரை வலு; 1962இல் 1098 கன சென்ரிமீற்றர், 48 குதிரை வலு. இதே எஞ்சின் குடும்பத்தைத்தான் இசிகோனிஸ் 1959இல் மினி காரிற் குறுக்காகப் படுக்க வைத்தார். ஓட்டப் பந்தயக் கார்கள் கட்டிய ஜோன் கூப்பர் அதன் வலுவை உயர்த்தினார். 1964ஆம் ஆண்டில், 1071 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட மினி கூப்பர் எஸ் காரை ஓட்டிச் சென்று பாடி ஹொப்கேர்க் மொன்ரே கார்லோ ரலியை வென்றார். 1965இலும் 1967இலும் மினி மீண்டும் வென்றது. ஆல்ப்ஸ் மலைப் பனியிற் பரிசு பெற்ற எஞ்சினும், கண்டி வீதிப் புழுதியில் மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினும் ஒரே குலத்தில் வந்தவை. மைனரின் தகட்டு உறுப்புகள் 1990களில் இலங்கையின் தென்பகுதியிலே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயின என்பதும் ஒரு வேடிக்கை. அதே ஆண்டுகளிலே வன்னியில் ஒரு காஸ்கற் கிடைப்பதே அரிது.

கூப்பர் வலுவை உயர்த்தியது எவ்வாறு என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பெரிய வால்வுகள், இரட்டைக் காபரேற்றர், புதிய கம் தண்டு என்பனவற்றையே எல்லாரும் பேசுவர். ஆனால் கூப்பர் எஸ் வகைக்கு நைதரசன் ஏற்றிக் கடினமாக்கிய உயர்ரக உருக்கினாற் கிறாங்க் தண்டு செய்யப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வலுவைக் கூட்டுமுன் அதைத் தாங்கும் எலும்பை அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

அதற்கான காரணத்தை நம் மாணவரே கணக்கிட்டுப் பார்க்கலாம். 948 எஞ்சினிற் பிஸ்ரன் மேலுங் கீழும் செல்லும் தூரம் 76.2 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 5000 சுற்று எனின், அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறை நின்று திரும்புகிறது. திரும்பும் இடத்தில் அதன் ஆர்முடுகல் புவியீர்ப்பின் ஆயிரம் மடங்குக்கு மேல். பிஸ்ரனின் நிறை கால் கிலோ என வைத்துக்கொண்டால், அதைப் பிடித்து இழுக்கும் கொன்ரொட்டுக்கு ஏறத்தாழ நான்கு மூடை நெல்லின் பாரம். சுற்றை 6000 ஆக்கினால் விசை ஐந்திலொரு பங்கு கூடும் என்று எண்ணிவிடலாகாது. வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால் 1.44 மடங்காகும். நான்கு மூடை ஆறு மூடையாகிவிடும். தாங்கி நிற்பதோ மூன்றே மூன்று பிரதான பேரிங்குகளில் ஓடும் பழைய தண்டு.

ஆகவே, முதல் வேலை அளவெடுப்பது. எஞ்சினை முற்றாகக் கழற்றி, உறுப்பு உறுப்பாகக் கழுவி, மைக்குரோமீற்றரால் அளக்கவேண்டும். சிலிண்டர் எப்போதும் மேற்புறத்திலேயே அதிகம் தேய்ந்திருக்கும். வட்டமாயிருந்த துளை சற்றே முட்டை வடிவாகவும் மாறியிருக்கும். உடைந்த பிஸ்ரன் கீறிய தழும்பு எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது மேற்கொண்டு செய்வது. அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கோ 40 பங்கோ அகலித்துப் பெரிய பிஸ்ரன் போடலாம். அதற்கும் மேலெனின் அந்தத் துளைக்கு சிலீவ் இறக்கவேண்டும். 40 பங்கு அகலித்தால் 948 என்பது ஏறத்தாழ 979 ஆகும். விரும்பிக் கேளாமலே கிடைக்கும் சிறு வலு அது.

கிறாங்க் தண்டின் கழுத்துகளையும் இவ்வாறே அளந்து, தேவைக்கேற்ப அரைப்பித்து, குறை அளவு பேரிங் போடவேண்டும். தண்டில் வெடிப்பு உண்டா என்பதை அறியக் கருவி இல்லாவிடத்துப் பழைய முறை ஒன்று உண்டு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சோக்குத் தூள் பூசிச் சற்றுப் பொறுத்திருந்தால், வெடிப்புள்ள இடத்தில் ஈரக்கோடு தோன்றும். எஞ்சினைக் கெடுத்த மண்ணெண்ணெயே அதன் கேட்டையும் காட்டிக்கொடுக்கிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் வழிகளையும் மறக்கலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரை ஆண்டாண்டாக ஊற்றிய எஞ்சினில் அவ்வழிகள் உப்புப் படிந்து அடைபட்டிருக்கும். வன்னி வெயிலில் அது பொல்லாத சங்கதி.

இப்போது சிலிண்டர் ஹெட். 'ஹெட்டை நன்றாகச் சீவிவிடு, வலு தானாக வரும்' என்று மாணவருக்கு ஒருவர் புத்தி சொல்லியிருக்கிறாராம். அரை உண்மை. 948 எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 கன சென்ரிமீற்றர். அமுக்க விகிதம் 8.3 எனின், பிஸ்ரன் உச்சத்தில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் 32.5 கன சென்ரிமீற்றர். தரங்குறைந்த பெற்றோல் விற்கும் நாடுகளுக்கென 7.2 விகிதத்திலும் இவ்வெஞ்சின் செய்யப்பட்டது. அதில் அந்த இடம் 38 கன சென்ரிமீற்றர் அளவினது. 8.3ஐ 9.3 ஆக்க வேண்டுமெனின் 32.5ஐ 28.5 ஆகச் சுருக்கினாற் போதும். வேறுபாடு 4 கன சென்ரிமீற்றர். சமையலறைத் தேக்கரண்டி ஒன்றில் 5 கன சென்ரிமீற்றர் கொள்ளும். ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த இடத்தில் எஞ்சினின் குணமே மாறிவிடுகிறது. ஹெட்டிலிருந்து சீவ வேண்டியது ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். சீவியதை மீண்டும் ஒட்ட முடியாது.

பெறும் பயன் எவ்வளவு? பாடநூலில் உள்ள ஒட்டோ வட்டத்தின் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், 8.3இல் இலட்சிய வினைத்திறன் நூற்றுக்கு 57, 9.3இல் நூற்றுக்கு 59. அதாவது வலுவிற் கூடுவது நூற்றுக்கு மூன்று அளவில். அதற்குக் கொடுக்கும் விலை, வெயிலிற் பாரமேற்றிச் செல்கையில் மீண்டும் அந்தத் 'தட்டல்'. இலங்கையில் விற்கும் 92 ஒக்ரேன் பெற்றோல் 8.3 விகிதத்தை இலகுவாகத் தாங்கும். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற நாட்டில், 95 ஒக்ரேன் இல்லாமல் ஓடாத ஒரு காரைக் கட்டுவது விவேகமா என்பதை வீட்டிலுள்ளோர் கூடிச் சிந்திக்கட்டும். நமது கருத்து, 8.3ஐத் தாண்டவேண்டாம் என்பதே.

அந்த இடத்தை அளக்கும் முறை மாணவருக்குப் பிடிக்கும். பாடசாலை இரசாயன கூடத்து அளவியையே கேட்டு வாங்கலாம். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளையும் பிளக்கையும் பூட்டி, நடுவே துளையிட்ட கண்ணாடித் தகடொன்றைக் கிரீஸ் தடவி மேலே ஒட்டி, அளவியிலிருந்து மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விடவேண்டும். நான்கு அறைகளும் ஒரே அளவு கொள்ளுகின்றனவா என்று பார்த்து, சிறியதைச் சிறிது அரைத்துப் பெரியதற்குச் சமமாக்கவேண்டும். பிஸ்ரன்களையும் கொன்ரொட்டுகளையும் ஒரே நிறைக்குக் கொணர்வதற்கு நகை செய்வோரின் தராசு மிக உகந்தது. இவ்விரு வேலைகளுக்கும் பணம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். பந்தயக் கார் கட்டுவோர் காசு வாங்கிச் செய்யும் வேலைகளும் இவையே.

மேலும் வலு வேண்டுமெனின் எஞ்சினின் சுவாசத்தைக் கவனிக்கலாம். 'ஏ' வரிசை ஹெட்டில் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று உட்புக இரண்டே துவாரங்கள். இரு சிலிண்டர்கள் ஒரு துவாரத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒரே வாசலுள்ள வீட்டில் இரு குடும்பம் இருப்பதைப் போன்றது அது. துவாரத்தின் சொரசொரப்பை நீக்கி, காஸ்கற்றோடு விளிம்பு பொருந்தச் செய்து, வால்வின் இருக்கையை ஒழுங்காகச் சீவினாலே உணரத்தக்க பலன் உண்டு. நமது பெற்றோலில் இன்று ஈயம் இல்லை. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் புகை வால்வின் இருக்கை ஈயத்தின் காப்பின்றித் தேய்ந்து உள்ளிறங்கும். ஹெட் பட்டறைக்குப் போகும்போதே அவ்விடங்களிற் கடின உருக்கு வளையங்களை இறக்கிவிடுதல் நன்று. எஸ்.யூ. காபரேற்றரின் ஊசியும் ஜெற்றும் மண்ணெண்ணெய்க் காலத்தில் எவ்வாறெல்லாம் திருத்தப்பட்டனவோ தெரியாதாகையால் அவற்றைப் புதிதாக மாற்றவேண்டும். பந்தயக் கம் தண்டைப் பற்றி மாணவர் ஆசையோடு எழுதியிருக்கிறார். அது உயர்ந்த சுற்றில் மாத்திரம் பலன் தரும். கரடிப்போக்குச் சந்தியில் மாடுகளுக்குப் பின்னால் ஊரும்போது விக்கும். மேலும், மைனரின் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிறேக்குகளே. விரைவாக ஓடுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர், நிறுத்துவதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை!

தேய்ந்த றிங்குகளால் அமுக்கத்தை இழந்து, தவறிய காபரேற்றரோடு மூச்சு முட்டி ஓடிய ஓர் எஞ்சினைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தாலே, வீட்டார் அதைப் புதிய வலுவென்றுதான் உணர்வர். அந்தக் காரை 37 குதிரை வலுவோடு அவர்களுள் எவரும் ஓட்டியிருக்கமாட்டார்கள். ஒருமுறைக்கே போதுமான பணத்தை நாமாயின் இவ்வாறு செலவிடுவோம்: முதலிற் கிறாங்க், சிலிண்டர், பேரிங், ஒயில் பம்ப், அடுத்து ஹெட், அதன்பின் ரேடியேற்றரும் பிறேக்கும். மிச்சம் இருந்தாற் காபரேற்றரைப் பற்றிக் கனவு காணலாம்.

யாரிடம் செய்விப்பது என்ற கேள்விக்கு விடை கிளிநொச்சியிலேயே இருக்கிறது. அறிவியல் நகரில் 2014 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் நடைபெற்று வருகிறது. அங்கேயே 2016இல் ஜெர்மனியின் உதவியோடு தொழிற்பயிற்சி நிறுவகம் ஒன்றும் திறக்கப்பட்டு, மோட்டார் வண்டித் தொழில் கற்பிக்கப்படுகிறது. அளக்கும் கருவிகளைக் கையாளக் கற்றவர்களை அங்கே காணலாம். எனினும், மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய முதிய மெக்கானிக் ஒருவர் அயலில் இருப்பாராயின் அவரையும் தவறாது அழைக்கவேண்டும். அவருடைய காது ஒரு கருவி. எந்தச் சூட்டில் எரிபொருளை மாற்றினார்கள், எந்தத் தட்டலுக்கு எந்த உறுப்பு முதலிற் போயிற்று என்பனவெல்லாம் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. மாணவர் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுசென்று அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டால், எஞ்சின் எழும்பாமற் போனாலுங்கூட ஓர் அரிய பொருள் வீட்டில் மிஞ்சும்.

எஞ்சின் எழும்பியபின் செய்யவேண்டியதைச் சொல்லி அமைவோம். முதல் 500 மைலும் விரட்டலாகாது; ஆனால் வீட்டு வாசலில் மணிக்கணக்காகச் சும்மா உறுமவிடுவதும் கூடாது. மிதமான பாரத்தில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டினால்தான் புதிய றிங் சிலிண்டர்ச் சுவரோடு இணங்கும். 500 மைலில், எஞ்சின் சூடாயிருக்கும்போதே ஒயிலை இறக்கி, வெள்ளைத் துணியில் வடித்து, வெயிலிற் பிடித்துப் பார்க்கவேண்டும். காந்தத்தில் ஒட்டும் சிறு இரும்புத் தூள் இருந்தால் அது றிங் படிந்ததன் அடையாளம், பயமில்லை. துணியிலே செம்பு நிறத்தில் ஏதேனும் மின்னினால், அன்றைக்கே வண்டியை நிறுத்திப் பேரிங்கைத் திறந்து பார்க்கவேண்டும்.